மின்மினியும் மின்சுற்றும்



கோலசிலாங்கூர் வட்டாரத்து மக்களுக்கு மின்மினிப் பூச்சியைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் இரவானால் மின்மினிகள் கூடுகின்றன. வெளிநாட்டவர் படகேறி வந்து பார்க்கும் காட்சி அது. நமக்கோ பக்கத்துக் காட்சி என்பதால், அதில் உள்ள வியப்பை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு மரத்தில் இருக்கும் எத்தனையோ பூச்சிகள் ஒரே நொடியில் மின்னுகின்றன; ஒரே நொடியில் அணைகின்றன. சீட்டி ஊதுகிற கங்காணி யாரும் அங்கே இல்லை. பின் எப்படி இந்த ஒழுங்கு வருகிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இன்றைய பாடத்தைத் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். மின்சுற்றுகளைக் கட்டுவதற்கு முன்னால் கணினியில் கட்டிப் பார்ப்பது எப்படி என்பதே இன்றைய பாடம். அதிலும் அனலாக், டிஜிட்டல் என்ற இரண்டு வகையும் கலந்த சுற்றுகளை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லப் போகிறோம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் டையோடும் டிரான்சிஸ்டரும் இங்கே உயிர் பெறுவதைக் காண்பார்கள்.

முதலில் அனலாக் என்றால் என்ன, டிஜிட்டல் என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம்.

தோட்டத்தில் இரண்டு விதமான கணக்கு உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோலில் பெயர் போடுகிறார். வந்தார், அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றுதான். இது டிஜிட்டல் கணக்கு. பிற்பகலில் ஸ்டோரில் பால் நிறுக்கிறார்கள். அங்கே 18 கிலோவும் உண்டு, 18.3 கிலோவும் உண்டு, இடையில் எந்த அளவும் உண்டு. இது அனலாக் கணக்கு. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் பெயருக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு மாறவில்லை. குறிப்பிட்ட கிலோவைத் தாண்டினால் ஊக்கத்தொகை உண்டு, தாண்டாவிட்டால் இல்லை என்று ஓர் ஏற்பாடு இருந்தால், அந்த இடத்தில்தான் அனலாக் கணக்கு டிஜிட்டலாக மாறுகிறது. அளவு மெல்ல மெல்ல ஏறுகிறது. கோட்டைத் தொட்டதும் விடை சட்டென்று ‘இல்லை’யிலிருந்து ‘ஆம்’ ஆகிறது. அந்தக் கோட்டின் அருமையை வெட்டுமரத்தில் நின்றவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

மின்சுற்றில் இந்தக் கோட்டைப் பார்த்து நிற்கும் உறுப்புக்கு ஒப்பீட்டான் என்று பெயர். ஒரு பக்கத்து மின்னழுத்தம் மறுபக்கத்தைத் தாண்டியதும் அது ‘ஆம்’ என்று சொல்லும். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்தும் கருவியிலும், சோற்றுப் பானை வெந்ததும் அணையும் நவீன அடுப்பிலும், கைத்தொலைபேசியிலும் இப்படி இரண்டு உலகமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. வெளியுலகம் முழுதும் அனலாக்; வெப்பம், ஒலி, ஒளி, எடை எல்லாம் படிப்படியாக ஏறி இறங்குபவை. முடிவெடுக்கும் பகுதிதான் டிஜிட்டல்.

இப்பொழுது மின்மினிக்கு வருவோம். பால் சொட்டும் ஒரு மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக நிறைகிறது. விளிம்பைத் தொட்டதும் அது ஒரேயடியாகக் கவிழ்ந்து காலியாகிறது. மறுபடி நிறையத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கவிழும் அந்த நொடியில் ஒரு மின்னல். ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் ஏறக்குறைய இப்படி ஒரு மங்கு இருப்பதாக அறிஞர்கள் கருதினார்கள். பக்கத்துப் பூச்சி மின்னுவதைக் கண்டால், இதன் மங்கில் கூடுதலாகச் சில சொட்டு விழுகிறது. ஏற்கெனவே நிறையும் தறுவாயில் இருந்தால் இதுவும் உடனே கவிழ்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து கவிழ்ந்த இரண்டும் இனிச் சேர்ந்தே நிறையும். 1990-இல் மிரோல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள், ஒரே மாதிரியான மங்குகள் எத்தனை இருந்தாலும் இப்படியே ஏறக்குறைய எந்தத் தொடக்கத்திலிருந்தும் முடிவில் ஒன்றுசேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு நிறுவினார்கள். அதற்கு முன்பே 1975-இல் சார்ல்ஸ் பெஸ்கின் என்பவர் இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் உயிரணுக்களுக்கு இதே மங்குக் கணக்கைப் போட்டிருந்தார். ஆற்றங்கரைப் பூச்சிக்கும் நம் நெஞ்சுக்கும் ஒரே கணக்கு என்பது எண்ண எண்ண இனிப்பதாக இருக்கிறது.

இந்த மங்கை மின்சுற்றாகச் செய்ய 555 என்ற சிறு சில்லு ஒன்று உண்டு. ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971-இல் வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் கடைகளில் கிடைக்கிறது. எட்டுக் கால் கொண்ட இந்தச் சில்லுக்குள்ளே என்ன இருக்கிறது? 5 கிலோ ஓம் மின்தடைகள் மூன்று வரிசையாக நின்று மின்னழுத்தத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. 5 வோல்ட் கொடுத்தால் 1.67 வோல்ட்டில் ஒரு கோடு, 3.33 வோல்ட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு ஒன்றாக இரண்டு ஒப்பீட்டான்கள். அவை சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு தாழ். இதைப் பிளிப்-பிளாப் என்பார்கள். கடைசியாக, மங்கைக் கவிழ்த்துவிடும் ஒரு டிரான்சிஸ்டர். ஒப்பீட்டான்களுக்கு இந்தப் பக்கம் எல்லாம் அனலாக், அந்தப் பக்கம் தாழ் டிஜிட்டல். கலப்புச் சுற்றுக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

மங்குக்குப் பதில் வெளியே ஒரு மின்தேக்கியை வைக்கிறோம். அது 10 மைக்ரோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்து அதை நிறைக்க 100 கிலோ ஓம் தடை ஒன்றும், அதைத் தொடர்ந்து 4.7 கிலோ ஓம் தடை ஒன்றும் வழியாகின்றன. காலியாகும்போது 4.7 கிலோ ஓம் தடை மட்டுமே வழி. ஆகவே நிறைய நெடுநேரம், காலியாகச் சிறு நேரம். கணக்கு எளிது: நிறைவதற்கு 0.693 பெருக்கல் 104.7 கிலோ ஓம் பெருக்கல் 10 மைக்ரோ ஃபாரட், அதாவது சுமார் 0.73 வினாடி. காலியாவதற்குச் சுமார் 0.03 வினாடி. விளக்கை, அதாவது எல்.இ.டி.யை, 220 ஓம் தடையுடன் மின்வழங்கிக்கும் சில்லின் 3-ஆம் காலுக்கும் நடுவில் இணைத்தால், காலியாகும் அந்தக் கணம் மட்டும் அது மின்னும். ஒரு சுற்றுக்கு 0.76 வினாடி. சட்டென்று ஒரு மின்னல், பிறகு இருட்டு. ஆற்றங்கரை மின்மினியைப் போலவே.

சரி, இந்தச் சில்லு மலிவுதானே, நேரே வாங்கிக் கட்டிவிட்டால் போயிற்று, கணினி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில்லு மலிவுதான், ஆனால் அதை வாங்கத் தஞ்சோங் காராங்கிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போய்வரும் செலவு சில்லின் விலையைவிடப் பல மடங்கு. ஒரு கம்பியை மாற்றி இணைத்துச் சில்லு கருகினால் மறுபடியும் அதே பயணம். மின்தேக்கியில் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும்; நல்ல கருவி ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். கணினியிலோ நூறு முறை கருக்கினாலும் காசு போகாது. எந்தக் கம்பியில் வேண்டுமானாலும் அழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு வசதி. தோட்டத்துப் பிள்ளைக்கு இதுவே பட்டறை.

கணினி இதை எப்படிச் செய்கிறது? சுற்றை நாம் படமாக வரைகிறோம். மென்பொருள் அதை ஒரு பட்டியலாக மாற்றிக்கொள்கிறது: இன்ன தடை, இன்ன இரண்டு சந்திகளுக்கு நடுவில், இவ்வளவு ஓம். ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்று 1845-இல் கிர்க்காஃப் சொன்ன விதியை ஒவ்வொரு சந்திக்கும் எழுதி, எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்கிறது. டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவை நேர்க்கோட்டுக்கு அடங்காதவை. அங்கே ஒரு விடையை ஊகித்து, பிழையைப் பார்த்துத் திருத்தி, மறுபடி திருத்தி, பிழை மிகச் சிறிதாகும்வரை விடாது. இதெல்லாம் ஒரு கணத்துக்கான வேலை. பிறகு காலத்தில் ஒரு சிறு அடி எடுத்து வைத்து முழுவதையும் மறுபடி செய்கிறது.

டிஜிட்டல் பகுதிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தாழ் ஒன்று மாறாமல் நிற்கும்போது அதற்குச் சமன்பாடு எழுதி என்ன பயன்? ஆகவே டிஜிட்டல் கணக்கன் தூங்குகிறான். ஏதாவது ஒன்று 0-இலிருந்து 1 ஆக மாறினால் மட்டும் எழுந்து, அதனால் வேறு எது எது மாறும் என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்குகிறான். எடை நிறுப்பவர் இடைவிடாது நிறுக்கிறார். பெயர் போடுபவர் ஆள் வந்தால் மட்டும் பேனாவைத் தொடுகிறார். இரண்டு கணக்கர்களும் ஒரே மென்பொருளுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கிடையே பாலங்கள் உண்டு. ஒரு பாலம் வோல்ட்டை 0 அல்லது 1 ஆக மாற்றித் தருகிறது. இன்னொன்று 0, 1 என்பதைத் திரும்ப வோல்ட்டாக மாற்றுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தீர்த்த விதம் அழகானது. எடைக் கணக்கன் அடி எடுத்து வைக்கும்போது ஓர் அடியில் 3.2 வோல்ட், அடுத்த அடியில் 3.5 வோல்ட் என்று கோட்டைத் தாண்டிப் போய்விடலாம். கோட்டைத் தொட்டது சரியாக எப்பொழுது? மென்பொருள் எடுத்த அடியைத் தள்ளிவிட்டுப் பின்னால் போய், இன்னும் சிறிய அடியாக எடுத்து வைத்து, தொட்ட கணத்தை நெருங்கிப் பிடிக்கிறது. செக்ரோலில் பக்கம் புரட்டித் திருத்துவது போலத்தான். இப்படிச் செய்யாவிட்டால் மின்மினி ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாக மின்னும். பல பூச்சிகள் சேர்ந்தால் கணக்கு முழுதும் பாழ்.

டிஜிட்டல் கணக்கனிடம் 0, 1 தவிர ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையும் உண்டு. மின்சாரம் கொடுத்த முதல் கணத்தில் தாழ் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் ‘தெரியவில்லை’ சுற்று முழுதும் பரவிவிடும். பிள்ளைகள் முதன்முதலாகத் திகைத்து நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த மென்பொருளின் வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர், டொனால்ட் பெடர்சன் என்ற பேராசிரியரின் கீழ் எழுதிய ஸ்பைஸ் என்ற நிரல் 1973-இல் வெளியிடப்பட்டது. அப்பொழுது சுற்றைத் துளையிட்ட அட்டைகளில் எழுதிப் பெரிய கணினியிடம் கொடுக்க வேண்டும். பேராசிரியர் அதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கச் செய்தார். அதனால்தான் அது உலகம் முழுதும் பரவியது. அதன் மேல் 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா டெக் நிறுவனத்தார் டிஜிட்டல் கணக்கனைச் சேர்த்தார்கள். அதற்கு எக்ஸ்ஸ்பைஸ் என்று பெயர். இரண்டும் சேர்ந்து இன்று என்ஜிஸ்பைஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானது இந்தியாவில் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஃபாஸி என்ற திட்டத்தின் கீழ் உருவான ஈசிம் என்ற மென்பொருள். முதலில் ஆஸ்கேட் என்ற பெயரில் வந்தது. படம் வரையக் கிகேட், கணக்குப் போட என்ஜிஸ்பைஸ், டிஜிட்டல் பகுதியை நிரலாக எழுத விரும்புவோருக்கு விஎச்டிஎல் மொழி என்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். விலை உயர்ந்த மென்பொருள் வாங்க முடியாத சிற்றூர்க் கல்லூரிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. அதே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு சிறு ஒலி-ஒளிப் பாடங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தருகிறார்கள். எல்லாப் பாடமும் தமிழில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கணினித் திரையும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனாலும் விளக்கம் தாய்மொழியில் காதில் விழும்போது பாதிப் பயம் போய்விடுகிறது. இதற்குப் புதுக் கணினி வேண்டியதில்லை. யாராவது ஒதுக்கி வைத்த பழைய மடிக்கணினி கிடைத்தாலும் இந்த அளவுச் சுற்றுகளுக்குப் போதும்.

பெற்றோர்களே, இதை உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு சிலாங்கூரிலும் மின்னணு ஆலைகள் பெருகின. தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்பிள்ளைகள் ஆலைப் பஸ் ஏறிப் போனார்கள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லில் ஒட்டினார்கள். அந்த உழைப்பில் படித்து ஆளான தம்பி தங்கைகள் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அந்தச் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை வரைந்தவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். கூலியின் பெரும் வேறுபாடு அங்கேதான் இருந்தது. 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கப் போவதாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், நம் சிலாங்கூரிலேயே, பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அங்கே நடக்கும் வேலையின் பெரும்பகுதி, நாம் இப்பொழுது பேசுகிற வேலைதான். ஒரு சில்லை அச்சுக்கு அனுப்புவது மிகப் பெரிய செலவு. தவறு இருந்தால் அத்தனையும் வீண். ஆகவே மாதக்கணக்கில் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். அறுபதாயிரத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை, அவர்கள் பதினாறு வயதில் எதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பது ஓரளவுக்குத் தீர்மானித்துவிடும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இனி, தொடங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்பைஸ் குடும்பத்து மென்பொருளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. மெகா ஓம் என்று நினைத்து எண்ணுக்குப் பின் ‘எம்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் போட்டால், அது மில்லி என்று எடுத்துக்கொள்ளும். பத்து லட்சம் ஓம் என்று நீங்கள் நினைத்தது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மெகாவுக்கு ‘மெக்’ என்று மூன்று எழுத்தும் எழுத வேண்டும். அதுபோல 10 மைக்ரோவுக்குப் பதில் 10 நானோ என்று மின்தேக்கிக்கு எழுதிவிட்டால், மின்மினி வினாடிக்கு 1,300 முறைக்கு மேல் மின்னும். உண்மையில் கட்டினால் அணையாமல் எரிவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். கணினி இவற்றைத் தவறு என்று சொல்லாது. நீங்கள் சொன்ன சுற்றுக்குச் சரியான விடையைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணினியில் எத்தனை வோல்ட் வேண்டுமானாலும் கொடுத்து விளையாடலாம். கையால் கட்டும்போது பேட்டரி அல்லது 5 வோல்ட்டுக்கு மேல் பிள்ளைகள் போகக் கூடாது. சுவரில் உள்ள பிளக்கைத் தொடும் வேலை எதுவானாலும் தகுதி பெற்ற வயர்மேனிடம் விட்டுவிட வேண்டும்.

ஒரு மின்மினி ஓடத் தொடங்கியதும் அதைப் படியெடுத்து இரண்டாவதாக ஒன்றை வைத்துப் பாருங்கள். அதன் 100 கிலோ ஓமை 95 ஆக்குங்கள். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் மின்னும். சில்லின் 5-ஆம் கால் மேல் கோட்டைத் தொட்டு நிற்கும் கால். ஒன்று மின்னும்போது மற்றதன் 5-ஆம் கால் ஒரு தடை வழியாகச் சற்றே கீழே இழுபடும்படி இணையுங்கள். கோடு தாழ்ந்தால் நிறையும் தறுவாயில் உள்ள மங்கு உடனே கவிழும். தடை மிகப் பெரிதாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தம் போக்கில் போகும். தடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இணைப்பு போதிய வலுப்பெற்றதும், வேகமான பூச்சி மெதுவான பூச்சியைத் தன்னோடு இழுத்துக்கொள்வதைத் திரையில் இரண்டு கோடுகளாகவே காணலாம்.

கடைசியில் ஒரு மின்மினியையாவது உண்மையாகக் கட்ட வேண்டும். கட்டினால் கணினி சொன்னது போல் சரியாக 0.76 வினாடி வராது. கடையில் வாங்கும் மின்தேக்கியில் 10 மைக்ரோ என்று எழுதியிருந்தாலும், இருபது விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது மின்னல்களுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கணக்குப்படி 15 வினாடி. 12 முதல் 18 வரை எது வந்தாலும் வியப்பில்லை. 17 வினாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.85. அப்படியானால் உங்கள் கையில் இருப்பது 10 மைக்ரோ அல்ல, ஏறக்குறைய 11.2 மைக்ரோ. அந்த எண்ணைக் கணினியில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். திரையில் மின்னுவதும் மேசையில் மின்னுவதும் ஒன்றாக இருக்கும்.